செமாங் வில்லுக்கு என்ன விலை?

ஓராங் அஸ்லி மக்களின் ஆயுதம் எது என்று கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானில் யாரைக் கேட்டாலும் ஊதுகுழல் என்றுதான் சொல்வார்கள். சும்பித்தான் என்னும் அந்தக் குழலும் அதற்குள் வைத்து ஊதும் நச்சு ஊசியும் மலேசியக் காட்டு வாழ்வின் முத்திரையாகவே ஆகிவிட்டன. ஆனால் 1900ஆம் ஆண்டை ஒட்டி இத்தீபகற்பத்தின் வடக்குக் காடுகளுக்குள் போன ஆய்வாளர்கள் அங்கே வேறொன்றைக் கண்டார்கள். கெடா, பேராக் மலைக்காடுகளில் வாழ்ந்த செமாங் மக்கள் கையில் வைத்திருந்தது மரவில். ஏறக்குறைய ஓர் ஆள் உயரம் இருக்கும் அது. ஒரே மரத்துண்டில் செதுக்கப்பட்டு, முறுக்கிய நாரால் நாண் பூட்டப்பட்டிருந்தது. அடுத்த ஒரு தலைமுறைக்குள் அந்த வில் காட்டிலிருந்து மறைந்தது. இன்று எஞ்சியிருப்பவை அருங்காட்சியகங்களின் சேமிப்பு அறைகளில் கிடக்கின்றன.

இப்படி ஒரு பொருளை எப்படி மதிப்பிடுவது? கையால் செய்த பழைய மரவில்களைத் தேடி வாங்குவோர் உலகெங்கும் இருக்கிறார்கள். மரபு வில்வித்தை மேல் ஆர்வம் பெருகியிருக்கும் மலேசியாவிலும் அந்தக் கண் திறந்துகொண்டிருக்கிறது. அதனால் இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை வேண்டும் என்று நினைக்கிறேன்.

செமாங் வில்லைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஒரு சிலாங்கூர் அரசு ஊழியரிடமிருந்து வந்தது. வால்டர் வில்லியம் ஸ்கீட் 1891இல் சிலாங்கூர் அரசுப் பணியில் சேர்ந்தவர். நம் கிள்ளானுக்குத் தெற்கே, கோலா லங்காட் வட்டாரத்தில் பணியாற்றியபோது மலாய் மந்திர முறைகளையும் கரையோர ஓராங் அஸ்லி மக்களின் வழக்கங்களையும் குறித்துவைத்தார். 1899–1900இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சார்பில் வடகிழக்கு மலாய் மாநிலங்களுக்கு ஓர் ஆய்வுப் பயணத்தை நடத்தினார். சார்ல்ஸ் ஓட்டோ பிளாக்டனுடன் சேர்ந்து 1906இல் அவர் வெளியிட்ட இரண்டு பெருந்தொகுதிகள், தீபகற்பத்தின் பூர்வகுடிகளைப் பற்றி அதுவரை தெரிந்த எல்லாவற்றையும் ஒன்றுதிரட்டின. செமாங் என்றால் வில், சாக்காய் என்றால் ஊதுகுழல் என்ற பாகுபாடு அந்த நூலால் பரவியது. (காட்டுமக்களில் வேறொரு பிரிவினரைக் குறித்த சாக்காய் என்னும் சொல் இன்று இழிசொல்லாகக் கருதப்படுகிறது, பழைய நூல்களிலும் பழைய அருங்காட்சியக அட்டைகளிலும் அதைச் சந்திக்காமல் இருக்க முடியாது.)

ஸ்கீட் எழுதி இருபத்தைந்து ஆண்டுகூட ஆகவில்லை. 1924இல் பவுல் ஷெபெஸ்டா என்ற ஆஸ்திரியப் பாதிரியார் செமாங் மக்களோடு வாழ வந்தபோது எங்கும் ஊதுகுழலே இருந்தது. தைப்பிங் அருங்காட்சியகத்தில் பணிபுரிந்து, 1937இல் செமாங் உள்ளிட்ட மலாயாவின் நெகிரிட்டோ மக்களைப் பற்றித் தனி நூல் எழுதிய ஐவர் எவான்ஸும் வில்லைப் பழங்காலப் பொருளாகவே பேசுகிறார். இந்த வேகம் என்னை இன்றும் வியக்கவைக்கிறது. வில்லை யாரும் பறிமுதல் செய்ததாகத் தெரியவில்லை. ஊதுகுழல் ஓசை எழுப்பாது. குறி தவறினாலும் மரக்கிளையில் இருக்கும் குரங்கு மிரண்டு ஓடாது. இன்னோர் ஊசியை ஊதலாம். கொல்லும் வேலையை ஈப்போ மரத்தின் பால் பார்த்துக்கொள்ளும். உயரக் கிளைகளில் வாழும் சிறு விலங்குகளை நம்பிய வேட்டைக்காரருக்கு அது பொருத்தமான கருவி. பெரிய விலங்குக்கு ஏற்ற வில் மெல்ல ஒதுங்கியது. ஆகவே செமாங் வில் அரிதானதற்கு முதற்காரணம் அதைச் செய்தவர்களே செய்வதை விட்டதுதான். அடுத்த காரணங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

அவற்றில் ஒன்று பிரிக்பீல்ட்ஸின் ஓரத்தில் நடந்தது. சிலாங்கூர் அருங்காட்சியகம் இப்போது தேசிய அருங்காட்சியகம் நிற்கும் இடத்தில் இருந்தது. 1945 மார்ச் 10ஆம் நாள், கோலாலம்பூரின் ரயில்வே பட்டறைகளைக் குறிவைத்து வந்த நேச நாட்டு பி-29 விமானங்களின் குண்டு அக்கட்டடத்தின் ஒரு பக்கத்தை அழித்தது. எஞ்சிய பொருள்கள் தைப்பிங்குக்குக் கொண்டுபோகப்பட்டன. அதே இடத்தில் 1963 ஆகஸ்ட் 31 அன்று தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. குண்டுவீச்சுக்குச் சில ஆண்டுகளில் மலாயாவின் அவசரகாலம் வந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அந்தப் போரில் காட்டுமக்கள் பலர் இடம்பெயர்க்கப்பட்டார்கள். அதே ஆண்டுகளில்தான் பண்டமாரான் முள்வேலிக்குள் புதுக்கிராமம் ஆனது. அவசரமாக மூட்டை கட்டும் மனிதர் அரிசியையும் பாத்திரத்தையும் எடுப்பார். பாட்டனின் பயன்படாத வில்லை எடுத்திருப்பாரா? எடுத்திருக்க வாய்ப்பில்லை என்பதே என் ஊகம்.

எனவே எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் செமாங் வில்லின் மதிப்பு மிக உயர்ந்தது. ஆனால் எண்ணிக்கை மட்டும் மதிப்பாகிவிடாது. இங்கிலாந்தில் நூறாயிரக்கணக்கில் செய்யப்பட்ட போர்வில்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவையே தப்பியிருந்தன. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பல் 1982இல் தூக்கப்படுவதற்கு முன் நடந்த அகழாய்வில் 137 முழு வில்கள் ஒரே இடத்திலிருந்து கிடைத்தன. எண்ணிக்கை கூடியதால் அவற்றின் மதிப்பு குறையவில்லை. மாறாகப் பன்மடங்கு கூடியது. காரணம், எந்தக் கப்பலில், எந்தத் தளத்தில், எந்தப் பெட்டியில், எந்த அம்புகளோடு கிடந்தது என்ற விவரம் ஒவ்வொன்றோடும் வந்தது. வில்லுக்கு அருகே எலும்புக்கூடுகளும் கிடைத்ததால், அவற்றை வளைத்தவர்களின் தோள் எலும்பைப் பற்றிக்கூட ஆய்வாளர்கள் பேச முடிந்தது.

விவரம்தான் விலை. நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். எந்த மரம், எந்த ஊர், யார் கை, எதற்காக, எப்போது: இவை ஐந்தும் இல்லாத வில் அழகான கம்பு. செமாங் வில்களின் துயரம் இங்கேதான் தொடங்குகிறது. அந்தக் காலத்து அருங்காட்சியகப் பதிவேடுகளில் பொருளைக் கொடுத்தவர் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், இனத்தின் பெயர் இருக்கும். சில வேளை ஆற்றின் பெயரும் இருக்கும். செதுக்கியவரின் பெயர் இருப்பது அரிதிலும் அரிது. 1883இல் தொடங்கிய தைப்பிங் அருங்காட்சியகத்தின் முதல் காப்பாளர் லெனார்ட் ரே. நீண்ட கணுவிடை கொண்ட, ஊதுகுழல் செய்யப் பயன்படும் மலை மூங்கிலுக்குத் தாவரவியலாளர் 1893இல் வைத்த பெயரில் அவர் இருக்கிறார். அந்த மூங்கிலை அவருக்கு முன்பே தலைமுறை தலைமுறையாகத் தேடி வெட்டிக் குழலாக்கிய ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. ரே மேல் எனக்குக் குறையில்லை. அவர் சேர்த்துவைக்காவிட்டால் இன்று நாம் பேச ஏதும் இருக்காது. ஆனால் விடுபட்டது விடுபட்டதுதான்.

வேறு விதமாகவும் நடந்திருக்க முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில், தன் இனத்தார் அனைவரையும் இழந்த யாஹி என்னும் அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்த ஒருவர் வெளியுலகுக்கு வந்தார். இஷி என்று அழைக்கப்பட்ட அவர் 1916இல் இறக்கும்வரை சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலேயே வாழ்ந்தார். அங்கே வில்களும் அம்புகளும் செய்தார். அவருடைய மருத்துவர் சாக்ஸ்டன் போப் அருகில் அமர்ந்து பார்த்து, தானும் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு படியையும் 1918இல் எழுதி வெளியிட்டார். எந்த மரக்கிளை, எப்படிக் காயவைப்பது, எப்படிச் சுரண்டுவது, விலங்கின் தசைநாரை எப்படி மென்று பிரித்து வில்லின் முதுகில் ஒட்டுவது என எல்லாம் அதில் உண்டு. அதனால் இஷியின் வில் ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் வில். வடக்கு மலாயாவில் அதே ஆண்டுகளில் கடைசி வில்களைச் செதுக்கிய முதியவர்கள் உயிரோடு இருந்திருப்பார்கள். அவர்கள் அருகே உட்கார்ந்து எழுத ஒரு போப் கிடைக்கவில்லை.

இனி, கையில் ஒரு பழைய வில் வந்துவிட்டால் எங்கே பார்ப்பது? முதலில் குதையை, அதாவது நாண் மாட்டும் நுனிப் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். உண்மையில் எய்த வில்லில் நாண் உராய்ந்து அந்தப் பள்ளம் பளபளத்திருக்கும். ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். நடுவில் பிடிக்கும் இடம் வியர்வையும் அழுக்கும் ஏறிக் கறுத்திருக்கும். சுற்றுலாப் பயணிக்காகச் செய்ததில் இவை இரண்டும் இருக்காது, அல்லது கறுப்புச் சாயம் சீராகப் பூசப்பட்டிருக்கும். கை கறுக்கவைத்த மரம் ஒருபோதும் சீராகக் கறுப்பதில்லை. அடுத்து வில்லின் வெளிப்புறம். வளைக்கும்போது இழுபடுவது அந்தப் பக்கம். நார் அறுந்தால் அங்கேதான் முறியும். குளிர்நாட்டு வில்லாளர் ஆண்டு வளையம் ஒன்றை முழுதாகப் பின்பற்றிச் செதுக்குவார்கள். நம் வெப்பமண்டல மரங்களில் பெரும்பாலும் வளையம் தெளிவாக இருப்பதில்லை, ஆகவே நார் ஓடும் திசையைக் கவனிக்க வேண்டும். தேர்ந்த கைவினைஞர் நாரை வெட்டாமல், மரம் வளைந்த இடத்தில் தானும் வளைந்து போயிருப்பார். நேர்கோட்டில் அழகாக இருக்கும் வில்லைவிட, மரத்தோடு நெளிந்த வில்லே பெரும்பாலும் நல்ல வில்.

எய்பவரை நோக்கிய உட்புறம் நெருக்குண்ணும் பக்கம். அங்கே குறுக்கே மயிரிழை போன்ற நெரிவுக் கோடுகள் தெரிந்தால், வில் ஒரு காலத்தில் அளவுக்கு மீறி வளைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். வாங்குவோர் அதைக் குறையாகச் சொல்லி விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள். என் கணக்கில் அது வேலை செய்த வில்லின் தழும்பு. அதை மறைக்க மெழுகு தடவியிருந்தால்தான் விலையைக் குறைக்க வேண்டும். பாராங் கத்தியின் வெட்டுத்தடமும் கத்தி முனையால் சுரண்டிய நீண்ட வரிகளும் இருக்கின்றனவா, வட்டரம்பத்தின் வளைகோடுகள் இருக்கின்றனவா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் பாதி உண்மை தெரிந்துவிடும். பழைய நாண் கூடவே இருந்தால் அது பெரும் பேறு. நார் நாண்கள்தான் முதலில் அழிகின்றன, பல வில்களில் பிற்காலத்து நைலான் தங்கூசியே பூட்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: பழைய வில்லுக்கு நாண் ஏற்றி இழுத்துப் பார்க்கக் கூடாது. நூறாண்டு காய்ந்த மரம் வளைவதை மறந்துவிடும். மேலே சொன்ன போப், உலகின் பல பாகங்களைச் சேர்ந்த அருங்காட்சியக வில்களை எய்து அவற்றின் தொலைவை அளந்து 1923இல் வெளியிட்டார். அந்த எண்கள் இன்றும் பயன்படுகின்றன. இருந்தாலும் அந்தச் சோதனையை இன்று எந்தக் காப்பாளரும் அனுமதிக்கமாட்டார். வில்லின் வலு தெரியவேண்டுமென்றால் நீளம், அகலம், தடிப்பு ஆகியவற்றை அளந்து அதே மரத்தில் ஒரு படியைச் செய்து பார்க்கலாம். மேரி ரோஸ் வில்களின் வலுவை அறிந்துகொள்ள அப்படிப் படிகளும் செய்தார்கள், கணக்கும் போட்டார்கள்.

அம்புகள் தனி ஆபத்து. ஈப்போ நஞ்சு இதயத்தைத் தாக்கும் வகை. பழைய முனையில் கறுப்பாக ஒட்டியிருக்கும் பூச்சு காய்ந்துபோனதால் செத்துவிட்டது என்று எண்ணக் கூடாது. கையுறை இல்லாமல் தொடாதிருப்பது நல்லது. பழைய அருங்காட்சியகப் பொருள்களில் பூச்சி வராமல் ஆர்செனிக்கும் பாதரச உப்பும் தடவிய வழக்கமும் உண்டு. அம்பில் இருவாச்சி இறகு இருந்தால் மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் குறுக்கே வரும். விற்பதற்கும் வாங்குவதற்கும் முன் உரிய துறையைக் கேட்கவேண்டும். பழம்பொருளை நாட்டைவிட்டு அனுப்புவதற்கு 2005ஆம் ஆண்டு தேசிய மரபுச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளியே அனுப்பவே முடியாது. காகிதம் இல்லாமல் மலிவாக வரும் வில்லைப் பார்த்து மகிழ்வதற்கு முன், அது ஏன் மலிவாக வருகிறது என்று கேட்பது நல்லது.

கிள்ளான் கடற்காற்றில் மரப்பொருளைக் காப்பது எளிதன்று. பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றி அலமாரிக்கு மேல் வைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். குளிர்சாதனத்தைப் பகலில் நிறுத்தி இரவில் போடும் அறையும் மரத்தை விரித்துச் சுருக்கி வெடிக்கவைக்கும். நாண் கழற்றி, படுக்கைவசத்தில், மூன்று நான்கு இடங்களில் பஞ்சுத் தாங்கல் கொடுத்து, காற்றோட்டமும் நிலையான ஈரப்பதமும் உள்ள உட்சுவர் பக்கம் வைக்கவேண்டும். மாவுபோல் தூள் உதிர்ந்தால் வண்டு இருக்கிறது. உறையில் அடைத்து உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் குளிரில் ஓரிரு வாரம் வைப்பது மருந்து தெளிப்பதைவிடப் பாதுகாப்பான வழி. அதையும் நஞ்சோ தசைநாரோ பசையோ இல்லாத, ஒரே மரத்தாலான வில்லுக்கு மட்டுமே வீட்டில் செய்யத் துணியலாம்.

இதுவரை சொன்னது பிறர் வில்லைப் பற்றி. தமிழோடு ஒட்டிய வில்களின் நிலையும் அப்படியொன்றும் மேலானதன்று. இலங்கையின் கீழைக் கரையில் வாகரை, வெருகல், மூதூர் பக்கம் வாழும் வேடர்கள் தமிழ் பேசுகிறவர்கள். செலிக்மன் தம்பதியர் வேடர்களைப் பற்றி 1911இல் வெளியிட்ட நூலில் கரையோர வேடர்களும் வருகிறார்கள். 1681இல் ஆங்கிலேயரான ராபர்ட் நாக்ஸ் எழுதியது அதற்கும் பழையது: வேடர் இரவில் கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தாம் விரும்பும் அம்புமுனையின் வடிவில் வெட்டிய இலையையும் வைத்துப்போவார்களாம், கொல்லன் அப்படியே செய்துவைத்தால் இன்னும் இறைச்சி வரும். ஒரு வேலைக்கான வரைபடமும் கூலியும் சேர்ந்து கிடந்த அந்த இலையைவிடத் துல்லியமான பதிவை நம் அருங்காட்சியக அட்டைகளில் நான் கண்டதில்லை. மலாயாவில் அம்புக்கு நஞ்சு தந்த ஈப்போ மரத்தின் இனம்தான் இலங்கையிலும் தென்னிந்திய மலைகளிலும் மரவுரி தருவது. வேடர் அதன் பட்டையை அடித்துப் பையும் ஆடையும் செய்தார்கள். 1983இல் மாதுரு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது வேடரின் பழைய வேட்டைக்காடு வேட்டைக்கு மூடப்பட்டது. உள்நாட்டு வேடர்களின் ஊரான தம்பானையில் இன்று விற்கும் சிறு வில்கள் பயணிகளுக்காகச் செய்யப்படுபவை. அவற்றை இகழ்ந்து ஒதுக்கும் சேகரிப்பாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. செய்தவர் எதிரே நிற்கிறார். பெயரைக் கேட்கலாம், மரத்தைக் கேட்கலாம், தாத்தா எப்படிச் செய்தார் என்றும் கேட்கலாம்.

நம் கைக்கு இன்னும் அருகில் இருப்பது வில்லிசை வில். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்தில் பனை வைரத்தை வளைத்துத் தோல் நாண் பூட்டி, மணிகள் கட்டி, குடத்தின்மேல் சாய்த்து வீசுகோலால் அடித்துக் கதை சொன்ன வில் அது. மலேசியத் தமிழர் மேடைகளிலும் அது ஒலித்திருக்கிறது. பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம் 2022 அக்டோபரில் மறைந்தபோது நாளிதழ்கள் அவர் பாடிய கதைகளையெல்லாம் நினைவுகூர்ந்தன. வில்லிசைக் கலைஞர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். அந்த வில்லுக்கு மரம் தேர்ந்து வளைத்த ஆசாரிகள் யார்? ரே செய்ததாக மேலே நான் சுட்டிய அதே விடுபடலை நாமும் செய்திருக்கிறோம், அதுவும் நம் சொந்த ஊர்களில். பழைய வில்லிசைக் குழுக்களின் வீடுகளில் இன்னும் கிடக்கும் வில்களைப் பார்த்து அளந்து, செய்தவரின் மகனையோ பேரனையோ தேடிப் பேசிப் பதிவுசெய்யும் வேலை, செமாங் வில்லுக்கு இனிச் செய்யவே முடியாதது. இதற்கு மட்டும் இன்னும் காலம் இருக்கிறது.

பெயரோடு சேர்த்தால் என்ன நடக்கும் என்பதைப் பார்க்கப் பண்டமாரானிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. தெலுக் பங்லிமா காராங் வழியாகக் கேரித் தீவுக்குப் போனால் செம்பனைத் தோட்டங்களுக்கு அப்பால் மா மெரி மக்களின் கம்பம். அவர்கள் நிரே பத்து என்னும் சதுப்புநில மரத்தில் முன்னோர் ஆவிகளின் உருவங்களைச் செதுக்குகிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் ரோலண்ட் வெர்னர் 1973இல் அந்தச் சிற்பங்களைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார். எந்த உருவம் எந்த ஆவி, அதன் கதை என்ன என்று பொருளோடு சேர்த்துப் பதிந்தது அந்நூல். யுனெஸ்கோவின் கைவினைச் சிறப்பு முத்திரையும் பிறகு அவர்கள் சிற்பத்துக்குக் கிடைத்தது. இன்று மா மெரிச் சிற்பம் வாங்குகிறவர் செதுக்கியவர் யார் என்று கேட்கிறார். அந்தப் பெயருக்கேற்ப விலையும் மாறுகிறது. கைவினைஞருக்குத் தன் வேலைக்கு விலை சொல்லும் துணிவு அதனால் வருகிறது.

ஒரு வில்லை வாங்கும் எவரும் அன்றே ஒரு தாளில் எழுதவேண்டியவை அதிகமில்லை. செய்தவர் பெயர், அவர் அனுமதித்தால் அவருடைய படம், மரத்துக்கு அவர் மொழியில் உள்ள பெயரை அவர் வாயாலேயே சொல்லிக் கைபேசியில் பதிந்தது, இலையும் பட்டையும் தெரியும்படி அந்த மரத்தின் படம், நாண் எதில் முறுக்கியது, யாரிடம் கற்றார். கடைசியாக, கொடுத்த விலை. சேகரிப்பாளர்கள் அதை மட்டும் மறைப்பது வழக்கம். அடுத்த கைக்குப் பத்து மடங்குக்குப் போகும்போது, செய்தவருக்கு முதலில் எவ்வளவு போனது என்பது தாளின் மேல்வரியிலேயே தெரியவேண்டும்.